கழற்றிய பாடி செய்துகொண்டிருந்த வேலை

மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்எஸ்கே என்ற பந்தயக் கார் 1928 முதல் 1932 வரை உருவானது. மொத்தம் 40 வண்டிகள்கூடத் தேறவில்லை. நீண்ட பானட், அதற்குள் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஏழு லிட்டர் எஞ்சின், பானட்டின் பக்கத்திலிருந்து பாம்புபோல வெளியேறும் புகைக்குழாய்கள். அதை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. சில ஆண்டுகள் கழித்து அவரே உருவாக்கிய இன்னொரு வண்டி ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசிப் பீட்டில் இறங்கியபோது எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒன்று கோடீசுவரர்களுக்கு, மற்றது குமாஸ்தாக்களுக்கு. 1980களில் அமெரிக்காவில் பரவலாக விற்ற 'கஸெல்' என்ற கிட் கார், அதாவது பாகங்களின் தொகுப்பாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் வண்டி, இந்த இரண்டையும் ஒன்றாக்கியது. மேலே எஸ்எஸ்கேயின் சாயலில் வார்த்த ஃபைபர் பாடி. கீழே பழைய பீட்டிலின் தளம், சக்கரம், எஞ்சின். ஃபோர்டு எஞ்சினை முன்னால் வைக்கும் வகையும் உண்டு. பராமரிப்புப் பாடம் அதிகம் தருவது பீட்டில் வகைதான். அதன் ரேடியேட்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எஞ்சின் காற்றால் குளிர்வது, அதுவும் வண்டியின் பின்கோடியில் இருக்கிறது. எஸ்எஸ்கேயின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.95 மீட்டர், பீட்டிலுக்கு 2.40 மீட்டர். அரை மீட்டருக்கு மேற்பட்ட இந்தக் குறையை மறைப்பதில்தான் நகலின் அழகுக்கலை முழுவதும் செலவாகியிருக்கிறது.

இத்தகைய வண்டியை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், எதைச் சரிசெய்தாலும் வேறொன்று கெடுகிறது என்பது. புது பல்பு போட்டும் வெளிச்சம் மங்கல். எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தும் சூடு இறங்கவில்லை. விரிசலைப் பூசி பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே கோடு. பழைய வண்டி அப்படித்தான் என்றோ, நகல் வண்டி அப்படித்தான் என்றோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டும் காரணம் அல்ல. பீட்டிலின் எஃகு பாடி வெறும் உடையாக இருந்ததில்லை. ஓசையில்லாமல் நாலைந்து வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. கிட் கட்டியவர் அந்தப் பாடியைக் கழற்றியபோது வேலைகளும் கூடவே போயின. வந்து உட்கார்ந்த ஃபைபர் பாடிக்கு உருவத்தைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் தரப்படவில்லை. அந்த வேலைகள் எவை, அவற்றை இப்போது யார் செய்கிறார்கள் என்று தேடுவதுதான் நகல் வண்டிப் பராமரிப்பின் சாரம். மற்றதெல்லாம் வழக்கமான ஆயில், டேப்பட் வேலை.

பாடியை எளிதாகக் கழற்ற முடிந்ததே கிட் கார் தொழிலுக்கு வழி திறந்தது. பீட்டிலுக்கு நடுவில் குழல்போன்ற முதுகெலும்பு கொண்ட தனித் தளம் உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டது. போல்ட்டுகளை அவிழ்த்துப் பாடியைத் தூக்கிவிட்டால், ஸ்டியரிங், பிரேக், கியர்பாக்ஸ், எஞ்சின் எல்லாம் தளத்தோடு அப்படியே நிற்கும். படகுக் கட்டுமானத்தில் ஃபைபர் வேலை பழகிய புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிஃபோர்னியாவில் மணல்மேட்டு வண்டியான 'மேயர்ஸ் மாங்க்ஸ்'ஸை உருவாக்கியபின், பீட்டில் தளத்தின்மேல் ஃபைபர் பாடி வைக்கும் பழக்கம் பெருகியது. பழைய மெர்சிடிஸ், எம்ஜி, புகாட்டி, போர்ஷே 356 என எல்லா உருவமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. உருவம் எதுவானாலும், கழற்றிய பாடியோடு போன வேலைகள் ஒன்றேதான்.

முதல் வேலை, மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. எஃகு பாடி கொண்ட காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் பூட்டியிருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் போவது ஒரு கம்பிதான். திரும்பும் வழி பாடி. மெக்கானிக் 'பாடி எர்த்' என்பது இதைத்தான். ஃபைபரோ மின்கடத்தாப் பொருள். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், மீட்டருக்கும் திரும்பு கம்பி ஒன்று தனியாக இழுக்கவேண்டும். கட்டியவர் பலவற்றை ஒரே ஸ்குரூவில் கோர்த்து, அதைத் தளத்தின் துருப்பிடித்த ஒரு மூலையில் முடித்திருப்பார். அந்த ஒரு முடிச்சு தளர்ந்தால் வரும் குறிகள் பேய் பிடித்த மாதிரி இருக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்கும். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆடும். திரும்பு வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாக வேறு வழி தேடிப் போகிறது, அவ்வளவுதான்.

இதில் எண்ணிக்கையைப் பார்த்தால் ஆச்சரியம் கூடும். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 2.4 ஓம். திரும்பு வழியின் முடிச்சு ஒன்றில் துருவால் 0.24 ஓம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்குதான். விளக்குக்குக் கிடைக்கும் வோல்ட் 12-லிருந்து சுமார் 10.9-ஆக இறங்கும். ஆனால் இழை விளக்கின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதமாகக் குறைவதில்லை. வோல்ட்டின் மூன்றரை அடுக்கை ஒட்டிக் குறைகிறது. வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பல்பை மாற்றினாலும் பேட்டரியை மாற்றினாலும் இது சரியாகாது. கண்டுபிடிக்கும் வழி சுலபம். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை விளக்கின் எர்த் முனையிலும் வைத்து வோல்ட் பார்க்கவேண்டும். 0.2-க்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஓம் அளந்தால் பலநேரம் எல்லாம் நலம் என்றே காட்டும்; மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதே குடும்பத்தில் இன்னொரு நோய் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டுகளில் உட்கார்ந்திருப்பதால், கியர்பாக்ஸிலிருந்து தளத்துக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போகும். கட்டும்போது அதை மாட்ட மறந்தாலோ, எண்ணெய் அழுக்கில் அது மட்கிப்போனாலோ, செல்ஃப் அடிக்கும்போது ஓடும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் எஞ்சினிலிருந்து திரும்ப வேறு உலோகத்தைத் தேடும். கிடைப்பது ஆக்ஸிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும். ஆக்ஸிலேட்டர் மெதுவாக இறுகி ஒட்டிக்கொள்கிறது, செல்ஃபும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், இரண்டும் வெவ்வேறு கோளாறு என்று நினைக்கத் தோன்றும். உள்ளே சூடாகிக் கருகும் கேபிள் இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்க்கிறது. மருந்து ஒரு செம்புப் பட்டை, இரண்டு போல்ட், கொஞ்சம் உப்புத்தாள். பெட்ரோல் டாங்க் ஃபைபர்மேல் உட்கார்ந்திருந்தால் அதற்கும் தளத்துக்கும் ஒரு கம்பி வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்னுக்கு இறங்க இடமிருக்காது.

இரண்டாவது வேலை, குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் பிரித்துவைப்பது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் எஞ்சினைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு, சிலிண்டரைச் சுற்றி மூடியிருக்கும் தகட்டுக் கவசம் தெரியும். விசிறி தள்ளும் காற்று வழிதவறாமல் சிலிண்டரின் துடுப்புகளுக்குள் போகவே அந்தக் கவசம். பீட்டில் எஞ்சினிலும் அதே ஏற்பாடுதான். கூடுதலாக, எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகளின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை ஓடி, பாடியின் எஃகு விளிம்போடு ஒட்டி நிற்கும். அதற்கு மேலே விசிறி உறிஞ்சும் குளிர்காற்று. கீழே சைலன்சரும் சிலிண்டர்களும் கக்கும் அனல். ஃபைபர் பாடியில் அந்த விளிம்பு கிடையாது. அல்லது இரண்டு விரல் தள்ளி இருக்கும். ரப்பர் எதிலும் ஒட்டாமல் தொங்கும். கீழே கக்கிய அனலை விசிறியே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

இதன் விளைவைத் தோராயமாகக் கணக்கிடலாம். துடுப்பின் வெப்பம் 180 டிகிரி, வெளிக்காற்று 35 டிகிரி என்றால் இடைவெளி 145. உறிஞ்சும் காற்று 65 டிகிரி ஆகிவிட்டால் இடைவெளி 115-தான். வெப்பம் வெளியேறும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. விசிறி அதே கன அளவைத் தள்ளினாலும் எடை குறைவாகவே போகும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் குளிர்ச்சி நஷ்டம். எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் மோதிரம் மாற்றுவதால் அதில் ஒரு துளிகூடத் திரும்பாது. அலுமினியத் தகடு வெட்டி, ரப்பர் ஓரம் வைத்து, அந்த இடைவெளியை அடைத்தால் திரும்பிவிடும். இந்த எஞ்சினுக்குச் சூடு சாதாரண விஷயமும் அல்ல. கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. அதில் திருகியிருக்கும் ஸ்டட்டுகள் எஃகு. எஞ்சின் சுடும்போது மெக்னீசியமும் அலுமினியமும் எஃகைவிட அதிகம் விரிந்து ஸ்டட்டை இழுக்கும். அளவுமீறிச் சுட்ட எஞ்சினில் மரை பிடுங்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு வேலை உண்மையிலேயே பெரியதுதான்.

இங்கே ஒரு சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பீட்டில் எஞ்சினில் குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பூட்டியிருக்கிறது. ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றுகிறது. ஓடும்போது சார்ஜ் விளக்கு சிவந்தால் பலரும் பேட்டரியைப் பற்றி மட்டுமே கவலைப்படுவார்கள். இங்கே அது பெல்ட் அறுந்து விசிறி நின்றதன் அறிகுறியாக இருக்கலாம். ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்கவேண்டும். எஸ்எஸ்கேயின் தோரணைக்காகப் பழங்கால மீட்டர்கள் வைத்த பலகையில், அந்தச் சின்ன விளக்கு அழகைக் கெடுக்கிறது என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. நகலை உண்மைபோலக் காட்ட நீக்கிய ஒரு பல்புதான் வெப்பமானி இல்லாத எஞ்சினின் ஒரே காவலாள்.

மூன்றாவது வேலை, முறுக்கைத் தாங்குவது. தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துவண்டுபோகும். தட்டை நுழைத்துவிட்டால் விறைக்கும். பீட்டிலின் தளம் தனித்து நிற்கும் அளவுக்கு உறுதியானதுதான். ஆனால் இரு ஓரங்களிலும் ஓடிய பெட்டிபோன்ற எஃகு அடிச்சட்டங்களும் அதன் விறைப்பில் பங்குகொண்டிருந்தன. அவை தளத்தின் பாகமல்ல, பாடியின் பாகம். பாடியோடு போயின. நல்ல கிட்டுகளில் அவற்றுக்குப் பதிலாக ஓரத்தில் எஃகுக் குழல் சட்டம் பற்றவைக்கப்பட்டிருக்கும். சட்டம் இல்லாவிட்டால், அல்லது துருவில் கரைந்திருந்தால், குண்டும் குழியுமான சாலையில் முறுக்கெல்லாம் ஃபைபருக்குப் போகும். சோதனை எளிது. கதவைச் சாத்தி, கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள சந்தின் அகலத்தை அளந்துகொண்டு, ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கவேண்டும். சந்து ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்தால், அந்த வண்டிக்குப் பெயின்டர் வேண்டாம், வெல்டர் வேண்டும்.

ஃபைபர் துருப்பிடிக்காதே, அது லாபம்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. ஃபைபர் துருப்பிடிக்காது, அதன் அடியில் மறைந்த தளம் துருப்பிடிக்கும். பீட்டிலின் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. அமிலம் சிந்தித் தளம் ஓட்டையாவது முதலில் அங்கேதான். பளபளக்கும் பாடி அதை மறைத்துவைக்கிறது. ஃபைபருக்கும் அதற்கே உரிய மூப்பு உண்டு. நம் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த படகுகளின் பொருள்தான் இது: கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து இறுக்கியது. மேலே ஜெல்கோட் என்ற வண்ணத்தோல். இழை வளையும், தோல் வளையாது. ஆகவே எங்கே போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கிறதோ அங்கிருந்து சிலந்திவலைபோல விரிசல் கிளம்பும். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் இரண்டு மீட்டர் எஃகு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். அதே நீள ஃபைபர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். துளை போல்ட்டின் அளவுக்கே இருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. ஒவ்வொரு நாள் வெயிலும் துளையின் விளிம்பை நெரிக்கும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அடியில் அகல வாஷரும் ரப்பரும் வைத்தால் நெரிசல் தீரும்.

விரிசலின் மேல் பட்டி தேய்த்து பெயின்ட் அடிப்பது ஏன் நிற்பதில்லை என்பதும் இதில் அடங்கும். காரணம் கீழே இருக்கும்போது மேலே மூடுவது வீண். சரியான வழி, முதலில் நெருக்கும் போல்ட்டைத் தளர்த்துவது. பிறகு விரிசலின் பின்பக்கத்திலிருந்து தேய்த்து, புதுப் பாயும் ரெசினும் வைப்பது. இங்கே ஒரு வேதியியல் உண்மையை நினைவில் வைக்கவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இறுகிய பாலியெஸ்டரோடு புது ரெசின் வேதிப் பிணைப்பாகச் சேருவதில்லை. கரடுமுரடான பரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. எனவே மெழுகையும் எண்ணெயையும் துடைத்து, நன்றாகத் தேய்த்து, பரப்பை அகலமாகச் சரித்துக்கொள்ளவேண்டும். படகு பழுதுபார்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் அளவு, கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு. மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால் 36 மில்லிமீட்டர். பெரும்பாலோர் விட்டுவைக்கும் சரிவு ஒரு விரற்கடைகூட இராது. இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடவே கூடாது.

நான்காவது வேலை, எடை. ஸ்பிரிங்குகள் ஒரு குறிப்பிட்ட பாடியின் எடைக்காக அமைந்தவை. பாடி மாறினால் உயரம் மாறும். பழைய பீட்டில்களின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் நிற்பதால், உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். பின்பகுதி லேசாகி மேலே எழுந்தால் சக்கரங்களின் தலை வெளியே சாயும். வேகமாக வளையும்போது வண்டி பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். இதைத் திருத்தும் வசதியைப் பீட்டில் தளமே வைத்திருக்கிறது. பின் ஸ்பிரிங் ஒரு முறுக்குத் தண்டு. அதன் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே எதிர்ப்பக்கம் ஒரு பல் நகர்த்தினால் சுமார் 8 டிகிரி 10 நிமிடம். இரண்டும் கழிந்து மிஞ்சுவது ஒரு டிகிரிக்கும் குறைவு. வெர்னியர் அளவுகோலின் தத்துவம் ஒரு சஸ்பென்ஷனுக்குள். கிட் கட்டியவர்களில் பலர் இதைத் தொடாமல் விட்டு, டயரையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு எதற்கு, பீட்டிலின் சர்வீஸ் புத்தகமே போதாதா என்ற கேள்வி நியாயமானது. எஞ்சினைப் பொறுத்தவரை அந்தப் புத்தகமே வேதம். ஆயில் இரண்டரை லிட்டர்தான். பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பிவலைச் சல்லடை மட்டும். அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். டேப்பட் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர். நகல் வண்டிக்கும் இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஆனால் அந்தப் புத்தகம் எஃகு பாடி இருப்பதாக எண்ணி எழுதப்பட்டது. பாடி என்ன செய்கிறது என்று அது எங்கும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இன்னொன்று, ஆலையில் வரும் வண்டியின் குறை ஆயிரக்கணக்கான வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும். அதனால் மெக்கானிக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்துவிடும். கிட் வண்டி ஒவ்வொன்றும் ஒருவர் கையால், அவர் கொட்டகையில், அவர் பொறுமைக்குத் தக்கபடி உருவானது. அதன் இனத்தில் அது ஒன்றுதான். அனுபவம் உதவாத அந்த இடத்தில் ஓமின் விதியும் வெப்பக் கணக்கும்தான் உதவும்.

எல்லாம் கட்டியவரின் கைவண்ணக் குறைதானே, அதற்கு இயற்பியல் எதற்கு என்றும் வாதிடலாம். கைக்குறை உண்டு. ஆனால் அது கண்ட இடத்திலெல்லாம் வருவதில்லை. பிரேக்கை யாரும் மறப்பதில்லை, ஸ்டியரிங்கை மறப்பதில்லை. அவற்றின் வேலை கண்ணுக்குத் தெரியும். மறந்துபோவது எர்த் கம்பியும் ரப்பர் பட்டையும் ஓரச் சட்டமும்தான். வேலை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் குறை குவிகிறது. புதுப் பாகங்களைப் போட்டால் பிரச்சினை தீராதா என்பவர்களுக்கும் ஓரளவு இடம் கொடுக்கலாம். எல்ஈடி விளக்கு மிகக் குறைந்த மின்சாரமே இழுப்பதால் மோசமான எர்த்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் செல்ஃப் பொறுக்காது. அனலை உறிஞ்சும் விசிறிக்கும் அது பதிலாகாது. நோயை மறைத்துவிட்டு அடுத்த பாகத்துக்கு அனுப்பிவைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

போலிக்கு இத்தனை மெனக்கெடலா என்று கடைசியாகக் கேட்பார்கள். எஞ்சியிருக்கும் எஸ்எஸ்கேக்கள் இன்று சாலைக்கு அபூர்வமாகவே வருகின்றன. சாலையில் ஓடுவதற்காகவே பிறந்தது நகல். அதற்குள் உட்கார்ந்திருப்பவர் போலி அல்ல. தேய்ந்த பெட்ரோல் குழாயில் பற்றும் தீயும், அதை வாங்கி எரியும் பாலியெஸ்டரும் போலி அல்ல. ஆகவே இந்த வண்டியை வாங்குபவர் முதல் நாளில் எடுக்கவேண்டியது பாலிஷ் டப்பா அல்ல. ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, முறுக்கை எந்தச் சட்டம் தாங்குகிறது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான்கு பக்கம் வரைந்து வண்டியிலேயே வைத்துவிட்டால், அடுத்து வாங்குபவருக்கு அந்த வண்டிக்கு மட்டுமேயான சர்வீஸ் புத்தகம் கிடைத்துவிடும். முன்னால் கம்பீரமாக நிற்கும் ரேடியேட்டருக்கு அதில் பக்கம் ஒதுக்கத் தேவையில்லை. அதற்கு ஒரு துணி போதும்.